டயான் நாஷுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றி மாணவர்களுக்கான உங்கள் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ் இருவரையும் நன்றாகவே அறிமுகம் செய்திருந்தீர்கள். ஆனால் அதைப் படிக்கும் பிளஸ் டூ மாணவியின் வயதுக்குப் பக்கத்தில் வருகிற ஒருவர்கூட அதில் இல்லை. நான் பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். எந்தக் கதையைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் போராட்டத்தை மாணவியாக இருந்தபோதே தலைமையேற்று நடத்திய டயான் நாஷின் கதை அப்படிப்பட்டது.

1938-ல் சிகாகோவில் பிறந்தவர். கத்தோலிக்கக் குடும்பம், கத்தோலிக்கப் பள்ளி. கன்னியாஸ்திரீ ஆகலாமா என்றுகூட ஒரு காலத்தில் யோசித்தார். அழகிப் போட்டியிலும் கலந்துகொண்டார். வீட்டில் நிறவெறியைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். பிள்ளையின் மனது நோகக் கூடாது என்று பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். சிகாகோவிலும் பாகுபாடு இருந்தது. ஆனால் தெற்கு மாநிலங்களைப் போல அங்கே பலகை எழுதி மாட்டவில்லை.

1959-ல் டென்னசி மாநிலம் நாஷ்வில் நகரில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அங்கே மாநிலப் பொருட்காட்சிக்குப் போன இடத்தில், கழிப்பறை வாசலில் கறுப்பினப் பெண்களுக்கு என்று தனிப் பலகை மாட்டியிருந்ததைப் பார்த்தார். கேள்விப்பட்டது வேறு; தானே அந்தப் பலகைக்குக் கீழே நுழைய வேண்டியிருந்தது வேறு. அவமானத்தில் குன்றிப்போனார். நகரின் மையத்தில் கறுப்பின மக்கள் கடையில் சாமான் வாங்கலாம், காசு கொடுக்கலாம். அதே கடையின் உணவுப் பகுதியில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர்களை அவர் தினமும் பார்த்தார்.

இதற்கு எதிராக யார் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனபோதுதான் ஜேம்ஸ் லாசனின் பயிற்சி வகுப்பு கண்ணில் பட்டது. லாசன் ஒரு மெதடிஸ்ட் ஊழியர். 1950களில் நம் நாட்டில், நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்றாண்டு இருந்து காந்தியின் வழியைப் படித்துவிட்டுப் போனவர். அகிம்சையெல்லாம் நடைமுறைக்கு ஆகுமா என்று டயானுக்கு முதலில் பெரிய சந்தேகம். ஆனாலும் ஊரில் எதையாவது செய்ய முயன்ற ஒரே கூட்டம் அதுதான் என்பதால் தொடர்ந்து போனார்.

உங்கள் கட்டுரையாளர் இந்த வகுப்பைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். தேவாலயத்தின் அடித்தளத்தில் மாணவர்கள் இரண்டு பிரிவாகப் பிரிவார்கள். ஒரு பிரிவு கடையில் உட்கார்ந்திருப்பதுபோல நாற்காலிகளில் உட்காரும். மற்றப் பிரிவு அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டும், முடியைப் பிடித்து இழுக்கும், சிகரெட் புகையை முகத்தில் ஊதும், நாற்காலியிலிருந்து கீழே தள்ளும். அடிபட்டவர் திருப்பி அடிக்கவும் கூடாது, ஏசவும் கூடாது. வாரக்கணக்கில் இப்படி ஒத்திகை பார்த்த பிறகுதான் 1960 பிப்ரவரி 13 அன்று கடைகளுக்குப் போய் உட்கார்ந்தார்கள். துணிச்சல் பிறவியிலேயே வர வேண்டும் என்று நம்பி ஒதுங்கிக்கொள்ளும் மாணவிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த ஒத்திகை தெரிய வேண்டும்.

பயம் டயானை விட்டுப் போகவும் இல்லை. அன்று மாலை போராட்டம் என்றால், காலையில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே உள்ளங்கை வியர்த்து ஊற்றும் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். மாணவர்கள் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோதும் நடுங்கித்தான் போனார்: இருபது வயதுப் பிள்ளைகள் நாங்கள், எதிரே நிற்பது ஐம்பது அறுபது வயது நீதிபதிகளும் அரசியல்வாதிகளும் ஆயிற்றே என்று. வீட்டிலோ, பெண் ஏதோ தப்பான கூட்டத்தோடு சேர்ந்துவிட்டாள் என்று கவலைப்பட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கே அவள்தான் தலைவி என்பது அவர்களுக்குத் தெரியாது!

பிப்ரவரி 27 அன்று வெள்ளை இளைஞர்கள் மாணவர்களை அடித்தார்கள். போலீஸ் கைது செய்தது அடிவாங்கியவர்களை. ஒரு வரிசையை இழுத்துப்போனால் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது. நீதிமன்றம் அபராதம் விதித்தபோது டயான் எழுந்து, பணம் கட்டினால் இந்த அநியாயத்துக்கு நாங்களும் துணைபோனதாகிவிடும் என்று சொல்லிச் சிறைக்குப் போனார்.

ஏப்ரல் 19 விடியற்காலையில், மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் டைனமைட் வீசப்பட்டது. அவரும் மனைவியும் உயிர் தப்பினார்கள். அன்றே ஆயிரக்கணக்கானோர் கோஷம் எதுவும் இல்லாமல் மாநகராட்சிக் கட்டடத்துக்கு நடந்தார்கள். மேயர் பென் வெஸ்ட் வெளியே வந்தார். ஒருவரின் நிறத்தை மட்டும் வைத்துப் பாகுபாடு செய்வது தவறு என்று நீங்கள் நினைக்கிறீர்களா என்று டயான் நேருக்கு நேர் கேட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, தவறுதான் என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று ஆறு கடைகள் கறுப்பின மக்களுக்கு உணவு பரிமாறத் தொடங்கின.

மறு ஆண்டு மே மாதம், மாநிலங்களுக்கு இடையிலான பேருந்துகளில் நிறப் பாகுபாட்டை மீறிப் பயணம் செய்தவர்களின் பேருந்தை அலபாமாவில் கொளுத்தினார்கள். பயணம் நின்றுவிடும் நிலை. பலமாக அடித்தால் போராட்டம் அடங்கிவிடும் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது என்று சொல்லி, நாஷ்வில்லிலிருந்து அடுத்த குழுவை அனுப்பினார் டயான். உயிர் போய்விடும் என்று அரசு அதிகாரி ஜான் சீகன்தாலர் தொலைபேசியில் எச்சரித்தார். நேற்றிரவே எல்லாரும் உயில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று பதில் சொன்னபோது டயானுக்கு 23 வயது.

1962-ல் கர்ப்பிணியாக மிசிசிப்பி நீதிமன்றத்துக்குப் போய், வெள்ளையருக்கான இருக்கையிலிருந்து நகர மறுத்துப் பத்து நாள் சிறை இருந்தது, அலபாமாவின் செல்மா நகரில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக நடந்து, 1965-ன் வாக்குரிமைச் சட்டத்துக்கு வழிவிட்ட இயக்கத்துக்குத் திட்டம் போட்டது என்று இன்னும் நிறைய இருக்கிறது. 2022-ல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தபோது அவருக்கு 84 வயது.

அடுத்த இணைப்பில் அவருக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். கன்னத்தில் கை வைத்துச் சிரிக்கும் படம் எதுவும் வேண்டாம். 1960 ஏப்ரல் 19 ஊர்வலத்தின் முன்வரிசையில் அவர் நடந்து வரும் புகைப்படம் இருக்கிறது, அதைப் போடுங்கள். லாசனின் நாக்பூர் வருடங்களுக்கும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி கொடுத்தால், வகுப்பில் காந்தியை நடத்தும் ஆசிரியர்களுக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
காரைக்குடி