கிலோவை எங்கிருந்து எடுக்கிறாய், அம்மிணி?

குன்னூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

டிராக்கில் ஓட்டுவதற்காக உன் காரின் எடையைக் குறைக்க நீ போட்ட பட்டியல் வந்தது. பின் சீட், ஸ்டெப்னி, ஜாக்கி, கார்ப்பெட், ஸ்பீக்கர், ஏசி, நாலு ரிம், பேட்டரி, முன் சீட் இரண்டு என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கிலோவும் போட்டிருக்கிறாய். கடைசி வரியில் உன் எடை 52 என்று எழுதி, "இதில் குறைக்க ஒன்றுமில்லை" என்று போட்டிருந்தாய். அம்மா அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள். 52 போதாதாம். காரைப் பற்றி அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு நிறைய இருக்கிறது. போனில் ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

எஞ்சினைப் பிரிக்காமல் முதலில் எடையில் கை வைத்தாயே, அது எனக்குப் பிடித்தது. உன் ஸ்விஃப்ட் சுமார் 960 கிலோ, எஞ்சின் 86 குதிரைத்திறன். நீயும் உட்கார்ந்தால் 1010 கிலோ ஆகிறது. அதில் 60 கிலோ குறைத்தால், வேகம் எடுப்பதில் 91 குதிரை இருக்கிற வண்டிக்குச் சமம். அந்த ஐந்து குதிரையை எஞ்சினிலிருந்து பிடுங்க எவ்வளவு செலவாகும் என்று உனக்கே தெரியும். அதோடு, எஞ்சினில் ஏற்றிய பலம் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும். குறைத்த எடை பிரேக் மிதிக்கும்போதும், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதும் கூடவே இருந்து வேலை செய்யும். ஆனால் சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், நேர்ப்பாதையின் கடைசியில் மீட்டர் முன்னைவிட ஏறவில்லையே என்று பிறகு என்னிடம் கேட்காதே. அந்த வேகத்தில் சண்டை காற்றோடுதான். அங்கே பலம்தான் பேசும், எடைக்குப் பெரிய பங்கில்லை. உனக்கு லாபம் வளைவுக்கு முன்னாலும் வளைவை விட்டு வெளியே வரும்போதும்தான்.

சரி, பட்டியலில் என்ன குறை? எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறாய், அது வண்டியில் எந்த இடத்துக் கிலோ என்று எழுதவில்லை. முன்னாலா பின்னாலா, கூரையிலா தரையிலா, ஸ்பிரிங்குக்கு மேலா கீழா? இது தெரியாமல் ஒரு போல்ட்டையும் கழற்றாதே.

கணக்கைப் பார். முன் சக்கரம் இழுக்கிற சின்னக் காரில் எடை முன்பக்கம்தான் அதிகம். உன்னுடையது 62 சதவீதம் முன்னால் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 595, பின்னால் 365. நீ எடுக்கப்போகிற பின் சீட், ஸ்டெப்னி, ஜாக்கி, பின் கார்ப்பெட், ஸ்பீக்கர் எல்லாம் பின்பக்கத்துச் சாமான்கள். பின்னால் 50, முன்னால் 10 போனால் மிச்சம் 585-ம் 315-ம். மொத்தம் 900. சந்தோஷம். ஆனால் முன் பங்கு 62-லிருந்து 65 சதவீதமாக ஏறிவிட்டது. வளைவில் முன் டயர்தான் முதலில் திணறும் என்று போன மாதம் சொன்னாயே, அந்த டயருக்கு நீ பத்துக் கிலோதான் குறைத்திருக்கிறாய்.

பின்பக்கம் என்ன ஆகும் என்பதற்கு நம்ம ஊர் தேயிலை பிக்கப்பைப் பார்த்தாலே போதும். இலை மூட்டை ஏறியிருக்கும்போது ஒழுங்காக வரும் வண்டி, ஃபேக்டரியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது மழை ரோட்டில் எப்படித் துள்ளும்! ஸ்பிரிங் லோடுக்காக வைத்தது, லோடு இல்லை. உன் ஸ்விஃப்ட்டும் அந்தக் காலி பிக்கப் மாதிரிதான் ஆகும். பின் ஸ்பிரிங்கும், பின் பிரேக்குக்குப் போகிற அழுத்தமும் கம்பெனி வைத்த எடைக்குக் கணக்குப் போட்டவை. எடை போனதும் வால் அரை இன்ச்சாவது தூக்கி நிற்கும், வீல் அலைன்மென்ட் மாறும். வளைவுக்குள் பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் வால் வெளியே வரப் பார்க்கும். ரேஸ் டிராக்கில் சிலர் வண்டி இப்படித் திரும்பவேண்டும் என்றே செட்டிங் செய்கிறார்கள். அவர்கள் தெரிந்து செய்கிறவர்கள்.

அதனால் முதல் வேலை, ஏதாவது ஒரு எடைமேடைக்குப் போ. முழு வண்டியையும் எடை போடு, பிறகு முன் சக்கரம் இரண்டை மட்டும் மேடையில் நிறுத்தி எடை போடு, பிறகு பின் சக்கரம். லாரிக்கு வைத்த மேடை ஐந்து, பத்துக் கிலோ முன்பின் காட்டும், பரவாயில்லை. டாங்க்கில் எவ்வளவு பெட்ரோல் என்று குறித்துக்கொள். லிட்டர் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 42 லிட்டர் டாங்க் நிறைந்தால் 31 கிலோ. உன் பட்டியலில் பாதிச் சாமான்களைவிட இது அதிகம், எடுக்கக் காசும் வேண்டாம். அதற்காக டாங்க்கை வழித்துக்கொண்டு டிராக்கில் இறங்காதே. நீளமான வளைவில் பெட்ரோல் ஒருபக்கமாக ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும், எஞ்சின் விக்கும்.

பேட்டரியை இடம் மாற்றுகிற உன் யோசனை நல்லது, ஆனால் பாதிதான். வண்டியின் மூக்கில் இருக்கிற அந்தப் பத்துக் கிலோவை டிக்கிக்கு மாற்றினால் மொத்த எடை குறையாது, கேபிளால் கொஞ்சம் கூடவே செய்யும். ஆனால் முன் பங்கு 64-க்கு இறங்கும். எனக்கு அதுதான் பெரிது. மூடிய பெட்டி, வெளியே காற்றுக்குழாய், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், இந்த மூன்றும் இல்லாமல் செய்யாதே. லித்தியம் பேட்டரி வாங்கினால் ஏழெட்டுக் கிலோ நேராகவே குறையும். சென்னையில் அதற்கு வெயில் பிரச்சினை. ஜனவரியில் ஊட்டிப் பக்கம் காலையில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது வேறு பிரச்சினை. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அந்த வகை பேட்டரியை சார்ஜ் ஏற்றக்கூடாது, செல் கெட்டுவிடும். பொங்கலுக்கு அந்தக் காரில்தான் வருவேன் என்றால் இதை யோசி.

ரிம்முக்கு நீ ஒதுக்கிய காசைக் குறைக்காதே. சக்கரம், ரிம் மாதிரி ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற எடை ரோட்டின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் டயரை உதறிக்கொண்டே இருக்கும். அதோடு சக்கரம் உருளவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். ரிம்மின் ஓரத்தில் இருக்கிற ஒரு கிலோ, வேகம் எடுக்கும்போது கிட்டத்தட்ட இரண்டு கிலோவாக வேலை வாங்கும். அளவில் பெரிய ரிம் எடுக்காதே. பார்க்க அம்சமாக இருக்கும், எடை கூடும். பெயர் தெரியாத மலிவு அலாயும் வேண்டாம், ஒரு பள்ளத்தில் விரிசல் விடும்.

எஞ்சினோடு சுற்றுகிற கனமான சக்கரம், அந்த ஃப்ளைவீலைக் கடைந்து லேசாக்கலாமா என்று கேட்டிருந்தாய். டிராக்குக்கு மட்டும் என்றால் செய். எஞ்சின் சட்டென்று ஏறி இறங்கும். மலையில் கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று, ஏற்றத்தில் மறுபடி கிளம்பும்போது அது உன்னைப் பழிவாங்கும். கிளட்ச் விட்டதும் ஆஃப் ஆகும். சத்தம் அடங்க வண்டியின் தரையில் ஒட்டியிருக்கிற தார் ஷீட்டை உலர்பனிக்கட்டி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) போட்டு உடைத்து எடுக்கிறார்கள், சுலபம்தான். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, தடித்த கையுறை போட்டுச் செய். அந்தப் புகை மூடிய அறையில் மூச்சைப் பிடிக்கும்.

ஏசியை எடுக்கலாம் என்பதற்கு "குன்னூர்க்காரிக்கு ஏசி எதற்கு" என்று எழுதியிருக்கிறாய். ஐப்பசி மழையில் நம்ம மலைப்பாதையில் மரப்பாலம் பக்கம் மேகம் ரோட்டில் இறங்கும்போது உள் கண்ணாடி வெளுத்துவிடுமே, அதைத் துடைப்பது ஏசிதான். உள்ளே இருக்கிற ஈரத்தை எடுப்பது அதன் வேலை. நீ துணியை வைத்துத் துடைத்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டுவாய். வேண்டாம்.

சீட்டுக்கு வருகிறேன். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இப்போது இருக்கிற சீட்டை எடுத்துவிட்டு, உடம்பை அணைத்துப் பிடிக்கிற ரேஸ் சீட், அதாவது பக்கெட் சீட் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டுக் கிலோ மிச்சம், உட்காரும் உயரமும் இறங்கும். நல்லது. ஆனால் அதன் தாங்கி எங்கே போல்ட் ஆகிறது, பெல்ட் எதில் மாட்டுகிறது என்று பார்க்காமல் தகரத்தில் ஓட்டை போட்டு இறுக்குகிற ஒர்க்ஷாப்பில் விடாதே. கதவுக்குள் இருக்கிற இரும்புக் குழாயையும், பம்பருக்குப் பின்னால் இருக்கிற பீமையும் "இதுவும் கிலோதான், எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், அந்த ஆளிடம் வண்டியை விடாதே. வண்டி உருண்டாலும் ஆளைக் காக்கிற இரும்புக் குழாய்க் கூண்டு, அந்தக் கேஜ் போட்டால் முப்பது கிலோ திரும்ப ஏறும். ஏறட்டும். நீ எடுத்த அறுபதில் முப்பது அதற்குத்தான் என்று நினைத்துக்கொள். ஆனால் கேஜ் இருக்கிற காரை ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் ஓட்டாதே, ஒரு சின்ன இடியிலேயே தலை போய் அந்தக் குழாயில் மோதும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் உன் கேள்விக்கு வேறு கேள்விதான் பதில். இது டிராக் காரா, வீட்டுக்கு வருகிற காரா? இரண்டும் என்கிறாய். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. சான்றில் ஐந்து பேர் என்று இருக்கிறது, நீ பின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு பர்லியாறு செக்போஸ்ட்டில் என்ன சொல்வாய்? ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ்காரன் என்ன சொல்வான்?

லேசான கார் என்றதும் எல்லோரும் லோட்டஸ் கார் கம்பெனியை ஆரம்பித்த காலின் சாப்மனைச் சொல்வார்கள். அவர் செத்துப் பதினான்கு வருஷம் கழித்து, 1996-ல் வந்த லோட்டஸ் எலிஸ் காரைப் பார். அலுமினிய சேசி, அதாவது அடிச்சட்டம், 68 கிலோ, மொத்த வண்டி 725 கிலோ சொச்சம். அந்தக் கம்பெனி கனமான காரைச் செய்து பிறகு சுரண்டவில்லை. சேசி லேசானால் சின்ன பிரேக் போதும், சின்ன பிரேக்குக்கு லேசான சக்கரம் போதும், அதற்குச் சின்ன எஞ்சின் போதும் என்று சங்கிலியாகப் போனார்கள். நம்ம கோயம்புத்தூர் ரேஸ்காரர் கரிவரதனும் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா ரேஸ் கார் கட்டினார், அது ஓடியது எஞ்சின் பலத்தால் இல்லை. நீ செய்வது வேறு, இருக்கிற காரைச் சுரண்டுகிறாய், அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை அறுபது, எழுபது கிலோவில் வந்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவும் உன் சம்பளத்தில்தான் கழியும்.

1968-ல் போர்ஷே 909 என்று மலையேற்றப் பந்தயத்துக்காகவே ஒரு கார் செய்தார்கள். நானூறு கிலோவுக்கும் கீழே. அந்தக் கார் மேலே ஏறினால் போதும், கீழே இறங்குவதற்கு யாரும் கடிகாரம் பிடிக்கவில்லை. நமக்கு அப்படியா? குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். ஆயிரம் கிலோ வண்டி இறங்கி முடிக்கும்போது நாலு யூனிட் கரண்டுக்குச் சமமான சக்தியை எங்காவது கொட்டியாக வேண்டும். இரண்டாவது கியரில் வந்தால் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக் டிஸ்க்கில். அறுபது கிலோ குறைந்தால் அதில் கால் யூனிட் மிச்சம், அவ்வளவுதான். லேசான கார்தானே என்று பிரேக் பேடிலும் பிரேக் ஆயிலிலும் காசு மிச்சம் பிடிக்காதே. டிராக்கில் ஓட்டிவிட்டு வருகிறவள் ஆயிலை மாற்றிவிட்டுத்தான் மலை ஏற வேண்டும்.

என் யோசனை இது. ஸ்டெப்னி, பின் சீட் இரண்டையும் டிராக்குக்குப் போகும் அன்று மட்டும் அங்கேயே கழற்றி வை, நாலு போல்ட் வேலை. நிரந்தரமாகச் செய்வது ரிம், பேட்டரி, சீட் மட்டும். மிச்சக் காசில் நல்ல டயர், நல்ல பேட், எடை குறைந்த பிறகு ஒரு அலைன்மென்ட். இப்படிச் செய்தால் நீ போட்ட அறுபதுக்கு நாற்பதுதான் வரும். அதிலேயே உன் லேப் டைம், டிராக்கை ஒரு சுற்றுச் சுற்ற ஆகிற நேரம், குறையும்.

எடைமேடைச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு, முன் பின் தனித்தனியாக. பெட்ரோல் அளவை மறக்காதே. சீட் தாங்கியைப் போல்ட் போடுகிற இடத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிற வரைக்கும் துளை போட விடாதே.

அன்புடன்,
அப்பா