உயரம், எடைச் சீட்டும் மாலை ஒரு மணி நேரமும்: 4 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

இந்தக் கடிதத்தோடு உங்கள் பிள்ளையின் உயரமும் எடையும் எழுதிய சீட்டு ஒன்றைச் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். போன ஜூனில் எடுத்த அளவும் இந்த ஜூனில் எடுத்த அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எதிர்வீட்டுப் பிள்ளையின் சீட்டை வாங்கி ஒப்பிட வேண்டாம். உங்கள் பிள்ளையின் போன வருடத்து எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஐந்து வயதுக்கு மேல், பருவ வளர்ச்சி தொடங்கும் வரை, பிள்ளைகள் வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வது வழக்கம். 4 செ.மீ.க்குக் குறைந்திருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறோம். வயதுக்கு வந்து ஒன்றிரண்டு வருடமான பெண்பிள்ளைகளின் சீட்டில் வட்டம் இருந்தால் கவலை வேண்டாம். அவர்களுக்கு வளர்ச்சி குறைவது இயல்பு. வட்டம் உள்ள மற்றவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அதற்கு முன் வீட்டில் அளந்து பார்க்க நினைத்தால், செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, சமமான தரையில் சுவரோடு நிறுத்துங்கள். குதிகால், பின்புறம், தோள்பட்டை மூன்றும் சுவரில் படவேண்டும். பார்வை நேராக இருக்கட்டும். மோவாயைத் தூக்கினால் அளவு தப்பும். இழுபட்டு நீண்டுபோன துணி டேப்பை நம்பாமல், கனமான நோட்டு ஒன்றைத் தலைமேல் வைத்துச் சுவரில் கோடு போட்டு, தரையிலிருந்து இரும்பு டேப்பால் அளங்கள். காலையில் எடுக்கும் அளவைவிட மாலையில் ஒரு செ.மீ. வரை குறைவாக வரும். முதுகெலும்புக்கு இடையிலுள்ள தட்டுகள் நாள் முழுக்க அமுங்குவதுதான் காரணம். அதனால் எப்போதும் ஒரே வேளையில் அளங்கள்.

சீட்டைப் பார்த்ததும் பல வீடுகளில் வரும் பதில் நமக்குத் தெரியும்: "எங்க வம்சமே குட்டைங்க." பெற்றோரின் உயரத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் ஐந்து வயது வரையிலான குழந்தைகளை அளந்தது. நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்த குழந்தைகள் எந்த நாடானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். நம் நாட்டில் அந்த அளவு எடுக்கப்பட்டது தெற்கு தில்லியில். ஆகவே வம்சத்தின் மேல் பழி போடுவதற்கு முன், தட்டையும் தூக்கத்தையும் தெருவையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கடிதம் முக்கியமாகப் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு. 9 முதல் 13 வயதுக்குள் அவர்களுக்கு ஒரு வேகமான வளர்ச்சி வருகிறது. அதன் உச்சம், வயதுக்கு வருவதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே வந்து போய்விடும். அதன் பிறகு பெரும்பாலும் 5 முதல் 7 செ.மீ. வரைதான் வளர்வார்கள். நம் வீடுகளில் நடப்பதோ தலைகீழ். பெண் பெரியவளான அன்று தாய்மாமன் சீரோடு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் வருகின்றன. அருமையான உணவு, ஆனால் இரண்டு வருடம் தாமதம். அதே களியை நான்காம் வகுப்பிலேயே வாரம் இரண்டு நாள் தொடங்குங்கள். கூடவே கேழ்வரகு: 100 கிராமில் சுமார் 350 மி.கி. கால்சியம் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் உள்ளதைவிட அதிகம். முருங்கைக்கீரை, கடலை மிட்டாய், சுண்டல் எல்லாமே நம் விலைக்குள் அடங்குபவை. 200 மி.லி. கலர் பாட்டிலில் சுமார் 20 கிராம், அதாவது நான்கைந்து டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது என்பதையும் கடைக்குக் காசு கொடுக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

உணவு மட்டும் கொடுத்தால் எலும்பு உறுதியாகிவிடாது. வளர்ந்தவர்களின் எலும்பில் இருக்கும் தாதுச் சத்தில் ஏறத்தாழ கால் பங்கு, இந்த உச்ச வளர்ச்சியை ஒட்டிய இரண்டு வருடத்துக்குள் சேர்கிறது. குதித்து, ஓடி, தரையில் அதிர்வு விழும்போது அது இன்னும் நன்றாகப் படியும். சரியாக அந்த வயதில்தான் "பொம்பளப் புள்ளைக்கு என்ன ஓட்டம்" என்று வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறோம். மாதவிலக்கு நாட்களில் ஓடினால் கர்ப்பப்பைக்குக் கெடுதல் என்பதும் தவறு. வலி கடுமையாக இருந்தால் ஓய்வு எடுக்கட்டும், இல்லையென்றால் விளையாடலாம். நாப்கின் பள்ளியிலேயே ஆசிரியையிடம் கிடைக்கும். கழிப்பறைக்குப் போகத் தயங்கி நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் கேட்டுப் பாருங்கள், கழிப்பறையில் குறை இருந்தால் எங்களிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள்.

5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட ஓட்டம் ஆட்டம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஒரே மூச்சில் வேண்டியதில்லை, இருபது இருபதாகப் பிரித்தாலும் சேரும். எது கணக்கில் வரும்? விளையாடும்போது பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். கபடி, கோகோ, ஓடிப்பிடித்தல் கணக்கில் வரும். பாண்டியும் நொண்டியும் எலும்புக்கு நல்லவை. தட்டாங்கல் நல்ல ஆட்டம்தான், உட்கார்ந்து ஆடுவதால் சேராது. பதினைந்து பேர் ஒரு மட்டையோடு ஆடும் கிரிக்கெட்டில் பாதிப் பேர் நின்றுகொண்டே இருப்பார்கள். ஸ்கிப்பிங்கும் கம்பியில் தொங்குவதும் உயரத்தைக் கூட்டும் என்பது விளம்பரப் பேச்சு. குதிப்பது எலும்புக்கு நல்லது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறோம். பி.இ.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுப்பது இந்த வருடம் முதல் நிறுத்தப்படுகிறது. அப்படியும் வாரத்துக்கு இரண்டு பீரியடில் தேவை தீராது. மீதி உங்கள் தெருவில்தான் நடக்க வேண்டும். தெரு முழுக்க பைக் ஓடுகிறது, பிள்ளையை வெளியே விடப் பயமாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வது நியாயம். அதனால் திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5.30 வரை பள்ளி மைதானம் திறந்திருக்கும். ஓர் ஆசிரியரும், முறை வைத்து ஒரு பெற்றோரும் உடன் இருப்பார்கள். டியூஷனை 6 மணிக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று பாருங்கள்.

"புள்ள விளையாடவே போகமாட்டேங்குது, சோம்பேறி" என்று சொல்லும் வீடுகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். இரத்தசோகை உள்ள பிள்ளைக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது கொக்கிப்புழு தோல் வழியே நுழைந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். பள்ளியில் தரும் அல்பெண்டசோல் 400 மி.கி. குடற்புழு நீக்க மாத்திரையை மென்று விழுங்க வேண்டும். மறுபடி தொற்றும் என்பதால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தருகிறோம். வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்ட பின்னரே போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதைக் கண்டு பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம், சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். மலம் கறுப்பாகப் போவது சாதாரணம். 1 முதல் 5ஆம் வகுப்பு வரை பள்ளியில் காலை உணவு இருக்கிறது. 6ஆம் வகுப்பு முதல் அது இல்லை, ஆகவே அவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக: 12 வயது வரை 9 மணி நேரமாவது, அதற்கு மேல் 8 மணி நேரமாவது வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. ஒரே அறை உள்ள வீட்டில் பத்து மணி வரை சீரியல் ஓடினால் பிள்ளையும் பத்து மணி வரை விழித்திருக்கும். சத்தத்தைக் குறைப்பது போதாது, 9 மணிக்கு அணைத்துவிடுங்கள். போனை அடுப்படியில் சார்ஜ் போடுங்கள்.

சீட்டின் அடியில் மூன்று வரிகள் இருக்கின்றன: பிள்ளை மாலையில் மைதானத்தில் இருக்கச் சம்மதமா, யார் வந்து அழைத்துப் போவீர்கள், மாதத்தில் எந்த ஒரு நாள் நீங்கள் உடன் இருக்க முடியும். நிரப்பிக் கையெழுத்திட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பெண்பிள்ளைகளின் சீட்டில் முதல் வரியில் "இல்லை" என்று எழுதுவதாக இருந்தால், தயவுசெய்து எழுதுவதற்கு முன் ஒருமுறை பள்ளிக்கு வந்து பேசுங்கள். காலை 9 மணிக்கு முன்போ மாலை 4.30க்குப் பிறகோ வரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்