ஊசி எஞ்சினா, காபரேட்டரா?

அன்பின் அன்ரன்,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டிவிட்டு மிச்சத்தைப் படி. இங்கே எல்லோரும் சுகம்.

மச்சான், நான் போட் வாங்கப் போகிறேன்! புதிது இல்லை. பதினாறு அடி அலுமினியம், சிம்கோ ஏரியில் விடுவதற்கு. இரண்டு பார்த்து வைத்தேன். இரண்டிலும் 40 குதிரை வலு எஞ்சின், நாலு ஸ்ட்ரோக். ஒன்று காபரேட்டர், பெற்றோலையும் காற்றையும் கலந்து விடுகிற பழைய முறை. மற்றது இன்ஜெக்ஷன், கணினி அளந்து பெற்றோலைப் பீச்சுகிறது. 'ஊசி எஞ்சின்' என்று மனைவிக்கு விளங்கப்படுத்தும்போது, நீ தடுப்பூசிக்குப் பயந்து மதிலேறிக் குதித்தது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

மனம் போனது காபரேட்டர் பக்கம்தான். ஆயிரம் டொலர் மலிவு. மூடியைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டுகிறது. நெடுந்தீவுக்கு இந்தப் பக்கம் எஞ்சின் நின்ற அன்று, நீ காபரேட்டரில் எண்ணெய் தங்குகிற கிண்ணத்தைக் கழற்றி, ஜெற்று என்கிற சின்ன ஓட்டைக்குள் தங்கூசி நைலோன் நூலை விட்டு எடுத்தாயே, அது போதாதா? ஐயா முன் அணியத்தில் இருந்தபடி மாதாவையும் உன்னையும் மாறி மாறிக் கூப்பிட்டார்.

அந்தக் காபரேட்டர் போட்டைப் போய்ப் பார்த்தால் ஒரே தரத்தில் ஸ்டார்ட். ஆனால் மூடியில் கை வைத்தேன், சூடு! நான் வர முன்னமே விற்கிறவர் ஓட்டி வைத்திருக்கிறார். அடுத்த முறை சொன்ன நேரத்துக்கு அரை மணி முந்திப் போய் நின்றேன். பம்பை அமத்தி, சோக்கை இழுத்து, நாலு தரம் முயன்றார். இருமி இருமிப் பிடித்தது. வேகத்தைக் குறைத்ததும் செத்துப்போனது.

யோசித்துப் பார்த்தேன். உன் எஞ்சின் நாளாந்தம் கடலுக்குப் போகிறது, கிண்ணத்தில் எண்ணெய் தங்காது. இங்கே கார்த்திகை தொடங்கினால் ஆறு மாதம் போட் முற்றத்தில் தூங்கும். ஒன்ராறியோ பெற்றோலில் எதனோல் வேறு கலந்திருக்கிறது, ஈரத்தை இழுக்கும். கிண்ணத்துப் பெற்றோல் ஆவியாகிப் பிசின் போல ஒட்டிக்கொண்டால், மயிர் அளவு ஓட்டை திறந்திருக்குமா?

மற்றது சாவியைத் திருப்ப முன்னமே ஓடுகிற மாதிரி இருந்தது. மெக்கானிக் கணினியைப் பொருத்தினார்: 310 மணி நேரம், பெரும்பாலும் மெதுவான ஓட்டம். காபரேட்டரில் விற்கிறவர் சொல்கிறதுதான் கணக்கு. அமுக்கமும் பார்த்தோம், மூன்று சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆக, ஊசிதான்.

பயம் இல்லாமலும் இல்லை. பற்றறி இறங்கினால் துடுப்புத்தான். இதற்குள்ளும் ஒரு சின்னத் தொட்டி, அதற்குள் அழுத்தப் பம்ப். பிசின் பிடித்தால் தங்கூசி உதவாது, பல நூறு டொலர் போய்விடும். குளிருக்கு முன், பெற்றோல் கெடாமல் இருக்கிற மருந்து கலந்த பெற்றோலில் பத்து நிமிடம் ஓட்டி மூடச் சொன்னார்கள்.

இன்னொன்று. 2022 ஆவணியில் உன் எஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆன நேரம், "எஞ்சினைத் தூக்கிக் கொட்டிலில் போட்டுவிட்டேன்" என்று நீ எழுதினாய். நான் ஏதோ பகிடி விட்டு முடித்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. பிறகு நீ வேறு எஞ்சின் எடுத்து ஓடத் தொடங்கியதும் அந்தப் பேச்சே விட்டுப்போயிற்று. இப்போது அந்தப் பழையதை இரும்புக்காரனுக்குக் கொடுக்கப் போகிறாயாம், தங்கச்சி சொன்னாள். அது ஐயா ஓட்டினதடா. கொடுக்காதே. வருகிற ஆடியில் வருகிறேன், இருவரும் கழற்றிப் பார்ப்போம். அதுவரை கிண்ணத்தில் கிடப்பதை மட்டும் வடித்துவிடு.

உன்,
ராஜன்