பல்லேடியம் சவ்வு: ஆயுளையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

வாயுக் கலவையிலிருந்து ஹைட்ரஜனை மட்டும் ஊடே விட்டுப் பிரிக்கும் மெல்லிய உலோகப் படலமான பல்லேடியம் சவ்வு என்றாலே எல்லோரும் தூய்மையைத்தான் பேசுகிறார்கள். எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதல்லவா முக்கியம்!

சுத்தப் பல்லேடியம் 300 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஹைட்ரஜனோடு இருந்தால் உப்பும், பிறகு சுருங்கும். சில சுற்றுகளிலேயே விரிசல் விடும். சுமார் 23 சதவீதம் வெள்ளி கலந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். அப்படியும், ஆலையை நிறுத்தும்போது சூடு இறங்குமுன் நைட்ரஜன் செலுத்தி ஹைட்ரஜனை முழுக்க வெளியேற்றியே ஆகவேண்டும்.

கந்தகம் தனி எதிரி. சவ்வுக்கு முன்னால், வாயுவிலுள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும் துத்தநாக ஆக்சைடு படுகை வேண்டும். பல்லேடியத்தை எஃகுத் தாங்கியில் பூசினால் இடையே சிர்க்கோனியா என்ற பீங்கான் வகை அடுக்கு அவசியம். இல்லையேல் 500 டிகிரியைத் தாண்டும்போது இரும்பு பல்லேடியத்துக்குள் ஊடுருவி ஹைட்ரஜன் ஓட்டத்தைக் குறைக்கும்.

உலோகத்தின் ஊடே நைட்ரஜன் போகாது. அது மறுபுறம் வந்தால் ஊசித்துளை, அல்லது சவ்வின் முனையை மூடும் அடைப்பில் கசிவு. இந்தக் கசிவு அளவையும், சூடேற்றி ஆற்றிய சுற்றுகளின் எண்ணிக்கையையும் ஒப்பந்தப்புள்ளியிலேயே கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
வேதிப் பொறியாளர்கள் சிலர்