பாறைச் சுழற்சியை வட்டமாக வரையாதீர்கள்: பாடநூல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பாறைச் சுழற்சி என்றதும் நீங்கள் போடும் படம் எல்லோருக்கும் மனப்பாடம். தீப்பாறை படிவுப் பாறையாகும், அது உருமாறிய பாறையாகும், பிறகு உருகித் தீப்பாறையாகும். பாறைகள் இந்த வரிசையில்தான் மாறும் என்று மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். அடுத்த பதிப்பில் அந்த வட்டத்தை எடுத்துவிடுங்கள்.

கிரானைட்டையே பாருங்கள். மேலிருப்பவை அரிபட்டு அது வெளியே வந்தால், மழைநீர் அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக்கும். இன்னொரு கனிமமான குவார்ட்ஸ் மணலாக உதிரும். மணல் புதைந்து இறுகினால் மணற்கல். வெளியே வராமல், மலை எழும் இடத்தில் ஆழத்தில் சிக்கினாலோ, படிவுப் பாறையாகாமலே நேராக நைஸ் என்ற உருமாறிய பாறையாகிவிடும். மணற்கல்லும் உருமாறியே தீரவேண்டும் என்பதில்லை. மேலெழுந்து உதிர்ந்து இன்னொரு மணற்கல்லாகலாம். உருமாறிய பாறை மறுபடியும் உருமாறும்: ஸ்லேட் என்ற உருமாறிய பாறை சிஸ்ட் என்ற இன்னொன்றாவது அப்படித்தான்.

இதைவிட என்னை உறுத்துவது, காரணங்களை 'வெப்பம், அழுத்தம்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவது. உருமாறும்போது பாறை உருகுவதில்லை. சுண்ணாம்புக்கல் திடமாக இருந்தபடியே, அதன் கால்சைட் கனிம மணிகள் பெரிதாக வளர்ந்து பளிங்காகிறது. உருகுவதற்கும் வெப்பம் கூடித்தான் ஆகவேண்டும் என்றில்லை. நடுக்கடல் முகடுகளின் அடியில் கவசப் பாறை (புவியின் மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கு) மேலெழும்போது அழுத்தம் குறைவதால் உருகுகிறது. கடலடியில் உள்ள புவித்தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் அமிழும் இடங்களில், தட்டிலிருந்து வெளியேறும் நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. ஆகவே தட்டு நகர்வை வேறொரு பாடத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு இந்தப் பாடத்தை நடத்த முடியாது. சுழற்சியை ஓட்டுவதே அதுதான், கூடவே வெயிலும் மழையும்.

காலத்தையும் சொல்லுங்கள். கடலடித் தீப்பாறையான பசால்ட் பெரும்பாலும் 20 கோடி ஆண்டுக்குள் மறுபடி கவசத்துக்குள் அமிழ்ந்துவிடுகிறது. கனடாவின் அகாஸ்டா நைஸோ சுமார் 400 கோடி ஆண்டுகளாக நிற்கிறது.

வட்டத்துக்குப் பதிலாக ஸ்காட்லாந்தின் சிக்கார் முனைப் படத்தைப் போடலாம். 1788இல் புவியியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் படகில் போய்ப் பார்த்த இடம். ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும் பழைய அடுக்குகள். அரிபட்ட அவற்றின் தலைமேல் லேசாகச் சாய்ந்த செம்மணற்கல். கடலில் படிந்தது, இறுகியது, மடிந்து எழுந்தது, தேய்ந்தது, அதன்மேல் மறுபடி மணல் படிந்தது. இத்தனையையும் அந்த ஒரு படத்திலிருந்தே மாணவர்கள் படித்துக்கொள்வார்கள்.

தேர்வு வினாவையும் மாற்றுங்கள். 'வரிசைப்படுத்துக' வேண்டாம். ஒரு பாறையைச் சொல்லி, 'இதற்கு இனி என்னவெல்லாம் நேரலாம், ஏன்?' என்று கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு புவியியல் ஆர்வலர்