நெட்டையோடு நீ போ

அன்புள்ள வாயாடிக்கு,

மூன்று மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதையெல்லாம் நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் நலம். குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். அவள் விழிப்பதற்குள் முடிக்க வேண்டும்.

நேற்று இரவு நெட்டை போனில் ஒரே அழுகை. எட்டாம் மாத ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 1,10,000 தான் இருக்கிறதாம். 1,50,000-க்குக் குறையக் கூடாது என்று எங்கோ படித்துவிட்டு, குழந்தைக்கு ஆபத்து என்று முடிவே கட்டிவிட்டாள். அதனால்தான் உன்னிடம் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன்.

எனக்கும் குறைந்தது. ஆனால் எனக்கு வந்தது வேறு. பத்தாவது வாரத்திலேயே 88,000, ஏழாம் மாதம் 41,000. பல் துலக்கினால் ஈறில் ரத்தம், கணுக்காலைச் சுற்றிக் குண்டூசி குத்தியது போல் சிவப்புப் புள்ளிகள். என் எதிர்ப்புச் சக்தியே என் பிளேட்லெட்டை அழிக்கிறது, ஐடிபி என்று பெயர் என்றார் டாக்டர். ஸ்டீராய்டு மாத்திரையில் 76,000 வரை ஏறியது.

என்னைப் பற்றிக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை டி. பிளேட்லெட்டை அழிக்கும் அந்த எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். என் எண்ணிக்கையை வைத்து அவளுடையதைச் சொல்லிவிட முடியாது. ஆயுதம் போட்டு இழுக்க மாட்டோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் 1,15,000. வீடே சிரித்தது. பெரிய நர்ஸ் மட்டும், "நாலஞ்சு நாள் போகட்டும்மா" என்றார். பிறந்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் அதிகம் இறங்குமாம். மூன்றாம் நாள் 48,000. உச்சிக்குழியில் ஜெல்லைத் தடவி, தலைக்குள் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்தார்கள். அவள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டாள். எனக்கு மூச்சே வரவில்லை. கடைசியில் ஒன்றும் இல்லை. பத்தாம் நாள் 1,40,000, மருந்தே கொடுக்காமல். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அதனால் நெட்டையிடம் முதலில் கேட்டது, ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது என்றுதான். பழைய ரிப்போர்ட்டில் 2,30,000 இருக்கிறது. அப்படியென்றால் பெரும்பாலும் கடைசி மாதங்களில் பலருக்கும் தானாக இறங்கும் வகையாகத்தான் இருக்கும். நூறு கர்ப்பிணிகளில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது உண்டு. குழந்தையைத் தொடாது, பிரசவத்துக்குப் பிறகு தானே ஏறிவிடும். சில சமயம் ரத்தம் எடுத்த குழாயில் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெஷின் குறைவாக எண்ணுவதும் உண்டு. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்களா என்றும் கேட்கச் சொன்னேன்.

ஆனால் பிபி ஏறி, கூடவே தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி என்று வந்தால் அது வேறு விஷயம். தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து, உடனே ஓட வேண்டும். நம் நெட்டையோ காய்ச்சலை மறைத்துக்கொண்டு பரீட்சை எழுதியவள். தலைவலியை வாய் திறந்து சொல்வாளா?

சனிக்கிழமை அவளுக்கு டாக்டரிடம் போகும் நாள். நீ கூடப் போ. முதல் மாத ரிப்போர்ட்டை அவள் எடுத்துக்கொண்டாளா என்று பார். அவள் சொல்லாததையெல்லாம் நீ சொல். அப்படியொரு வாய் உனக்குத்தான் இருக்கிறது.

குழந்தை சிணுங்குகிறாள். டாக்டர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுது.

உன்
பெஞ்சுக்காரி