முதல் ஹெல்மெட் வாங்கப்போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். கறுப்பில் தங்கக் கோடு ஓடுவது அழகாகத்தான் இருக்கிறது. "மாமா, இதில் எது நல்லது?" என்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டாய். படத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. ஹெல்மெட்டில் பார்க்க வேண்டியதெல்லாம் உள்ளே இருக்கிறது. அதிலும் பாதி உன் தலையைப் பொறுத்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உன்னைப் போல முதன்முறையாகப் பந்தயத் தடத்தில் கார் ஓட்டப்போகிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று பொதுவில் வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் மோட்டார் சைக்கிளுக்கென்று வாங்கிய நல்ல ஹெல்மெட் ஒன்று இருந்தது. தலை ஒன்றுதானே, ஹெல்மெட்டும் ஒன்றே போதும் என்று அதையே எடுத்துக்கொண்டு போனேன். காலையில் வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி அதன் உள்துணியை விலக்கி, அடியில் ஒட்டியிருந்த சிறு வில்லையைப் படித்தார். ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்தார். அன்று முழுவதும் மற்றவர்கள் ஓட்டுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

அந்த வில்லைக்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. வில்லியம் 'பீட்' ஸ்னெல் என்பவர் நம்மைப் போல ஆசைக்குப் பந்தயம் ஓட்டியவர். 1956இல் நடந்த விபத்தில் அவர் அணிந்திருந்த ஹெல்மெட் அவரைக் காக்கவில்லை. மறு ஆண்டே அவருடைய நண்பர்கள் சேர்ந்து ஸ்னெல் நினைவு அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். ஹெல்மெட்டைச் சோதித்துச் சான்று தருவதுதான் அதன் வேலை. கார் பந்தயத்துக்கு 'எஸ்ஏ', மோட்டார் சைக்கிளுக்கு 'எம்', கோகார்ட் என்னும் குட்டிப் பந்தய வண்டிக்கு 'கே' என்று அதன் வில்லைகளில் எழுத்து இருக்கும்; பக்கத்தில் ஆண்டு இருக்கும்.

எழுத்து மாறினால் என்ன என்று நானும் அன்று கேட்டேன். கார் பந்தயத்தில் தீ ஒரு ஆபத்து. எஸ்ஏ ஹெல்மெட்டைத் தீயிலும் சோதிக்கிறார்கள். பந்தயக் காரில் தலைக்கு மேலே ரோல்கேஜின், அதாவது கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் காக்கும் கூண்டின், இரும்புக் குழாய் இருக்கும். அப்படி ஒரு குழாயில் மோதினால் தாங்குமா என்றும் பார்க்கிறார்கள். எம் ஹெல்மெட்டுக்கு இந்த இரண்டு சோதனையும் கிடையாது. கே ஹெல்மெட்டுக்குக் குழாய்ச் சோதனை உண்டு, தீச்சோதனை இல்லை. ஆக, எம் மட்டமானது என்று பொருளில்லை. அது வேறு விபத்துக்குச் செய்தது, அவ்வளவுதான்.

எஸ்ஏ தரம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது: 2015, 2020, 2025. பல போட்டிகளில் கடைசி இரண்டு பதிப்புகளை ஏற்றுக்கொள்வார்கள். சில இடங்களில் உலக மோட்டார் அமைப்பான எஃப்ஐஏவின் 8859 வில்லை கேட்பார்கள். போட்டி இல்லாமல் தடத்தில் ஓட்டிப் பார்க்க மட்டும் விடும் எளிய தட நாட்களில் எம் வில்லையே போதும் என்பவர்களும் உண்டு. எனவே கடைக்குப் போகுமுன் நீ ஓட்டப்போகும் போட்டியின் விதிப்புத்தகத்தைப் படி. ஹெல்மெட்டுக்கென்று அரைப்பக்கம்தான் இருக்கும். பழைய பதிப்பு தள்ளுபடியில் கிடைக்கிறது என்று பாய்ந்துவிடாதே. அது இன்னும் எத்தனை ஆண்டு செல்லும் என்று கணக்குப் போட்டால் தள்ளுபடி பல நேரம் காணாமல் போய்விடும்.

இனி அளவு. இரண்டாவது முறை நான் சறுக்கியது இங்கேதான். வில்லை சரியாக இருந்தது. ஆனால் 'வசதியாக' இருக்கட்டும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கிவிட்டேன். வேகமாகப் பிரேக் பிடித்த முதல் வளைவிலேயே ஹெல்மெட் முன்னால் நகர்ந்து புருவத்தை மறைத்தது. தடத்தில் பாதிதான் தெரிந்தது.

பார்வை மறைவது கூடச் சின்ன விஷயம். ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது நமக்குப் பழக்கப்பட்ட தெர்மோகோல்தான், கொஞ்சம் அடர்த்தியானது. மோதும்போது அது நசுங்கும். அது நசுங்குகிற அந்தச் சிறு நேரத்தில்தான் தலையின் வேகம் குறைகிறது. தலைக்கும் தெர்மோகோலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் வெளி ஓடு நின்ற பிறகும் தலை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஓடிப்போய்த் தனியாக ஒரு மோதல் மோதும்.

ஆகவே அளவெடுப்பதில் அவசரப்படாதே. புருவத்துக்கு மேலே ஒரு விரல் உயரத்தில், காதுக்கு மேலாக, பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி டேப்பை வை. மூன்று முறை அள. பெரிய அளவை எடுத்துக்கொள். போட்டியன்று எப்படி இருப்பாயோ அப்படியே இருந்து அள. தீ தாங்கும் துணி முகமூடி போடுவாய் என்றால் அதையும் போட்டுக்கொள். உன் கொண்டை வேண்டாம், கண்ணு. பின்மண்டையில் கொண்டை இருந்தால் ஹெல்மெட் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிடரியோடு தாழ்வாகப் பின்னிக்கொள்.

சுற்றளவு மட்டும் போதாது. தலைகளுக்கு வடிவம் உண்டு. மேலிருந்து பார்த்தால் சிலருக்கு நீள்வட்டம், சிலருக்கு ஏறக்குறைய வட்டம். நீளத் தலைக்கு வட்ட ஹெல்மெட் போட்டால் நெற்றி வலிக்கும், பக்கவாட்டில் காற்றாடும். வட்டத் தலைக்கு நீளமானது போட்டால் நெற்றிப்பொட்டுகளை நெரிக்கும். ஒரே அளவு எண் கொண்ட இரண்டு நிறுவனங்களின் ஹெல்மெட்டுகள் முற்றிலும் வேறு மாதிரி உட்காருவதற்கு இதுவே காரணம். உன் தோழிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது என்பதால் உனக்கும் பொருந்தும் என்று நம்பாதே.

போட்டதும் கன்னங்கள் மேலே தள்ளப்பட்டு, வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டவள் போல இருக்க வேண்டும். பேசினால் உள்கன்னம் பல்லில் படலாம். பயப்படாதே, அதுதான் சரி. தாடைப் பகுதியைப் பிடித்து இடமும் வலமும் திருப்பு. ஹெல்மெட்டோடு உன் முகத்தோலும் சேர்ந்து நகர வேண்டும். வார்ப்பட்டையை மாட்டிக்கொண்டு, பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டித் தள்ளச் சொல். கழன்று வந்தால் அது உனக்கானதல்ல. வார்ப்பட்டைக்கு, பட்டையை நுழைத்து இறுக்கும் இரட்டை டி-வளையம் இருந்தால் போதும்.

இவ்வளவும் தேறினால் அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திரு. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். கன்னத் திண்டு நாளடைவில் தளரும். அதனால் கன்னத்தில் இறுக்கம் இருக்கலாம். நெற்றியில் ஒரே புள்ளியில் வலித்தால், அங்கே பஞ்சுக்குப் பின்னால் இருப்பது தெர்மோகோல், அது தளராது. கண்ணாடி அணிகிறவள் நீ. ஹெல்மெட்டைப் போட்ட பிறகு மூக்குக்கண்ணாடியைச் செருகிப் பார். காம்புகள் நெற்றிப்பொட்டை அழுத்தினால் பத்தாவது நிமிடத்தில் தலைவலி நிச்சயம்.

எடை குறைந்த கார்பன் இழை ஓடு வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பாய். தலையின் எடை சுமார் ஐந்து கிலோ, ஹெல்மெட் ஒன்றரைக் கிலோ என்று வை. கார்பனில் இருநூறு கிராம் குறைந்தாலும் உன் கழுத்து சுமப்பதில் மூன்று சதவீதம்தான் குறைகிறது. வளைவுகளில் ஐந்து மடங்கு ஈர்ப்பு விசையைத் தாங்கும் ஃபார்முலா ஒன் ஓட்டுநருக்கு அந்த இருநூறு கிராம் ஒரு கிலோவாகும். அவருக்கு அது முக்கியம். சாதாரணக் காரில் நீ தாங்கப்போவது ஒரு மடங்கு. அந்தப் பணத்துக்குக் கையுறை வாங்கு.

நீ ஓட்டுவது மூடிய கார் என்றாலும் முழுமுக ஹெல்மெட்டே வாங்கு. நாளைக்குத் திறந்த வண்டியில் ஆசை வரும். 2009இல் ஹங்கேரியில் முன்னே போன காரிலிருந்து கழன்ற சுருள்வில் ஒன்று ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஃபெலிப்பே மாசாவின் ஹெல்மெட்டில், இடது கண்ணுக்கு மேலே அடித்தது. மண்டையோடு உடைந்தும் உயிர் தப்பினார். அடுத்த ஆண்டு திரும்பி வந்து ஓட்டினார்.

தோளில் உட்கார்ந்து, ஹெல்மெட்டோடு பிணைந்து கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பாய். உயிரியக்கவியல் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும் அவருடைய மைத்துனரான பந்தய ஓட்டுநர் ஜிம் டௌனிங்கும் 1980களில், ஒரு நண்பரைப் பறிகொடுத்த பிறகு, உருவாக்கியது அது. (மாமன் மைத்துனன் உறவால் விளைந்த நன்மைகளில் இதையும் சேர்த்துக்கொள்.) 2001இல் அமெரிக்காவின் டேட்டோனா தடத்தில் பந்தய ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் விபத்தில் இறந்த பிறகுதான் பலர் அதைத் திரும்பிப் பார்த்தார்கள், 2003இல் ஃபார்முலா ஒன்னில் கட்டாயமாகியது. தோள்களின் மேலே வரும் பந்தயப் பட்டைகள்தான் அதை அழுத்திப் பிடிக்கும். உன் காரில் இருக்கும் சாதாரண சீட் பெல்ட்டோடு அது வேலை செய்யாது. ஆகவே இப்போது வாங்காதே. எஸ்ஏ 2015 முதல் ஹெல்மெட்டுகளில் அதை மாட்டுவதற்கான திருகு இடங்கள் தயாராகவே வருகின்றன. பின்னால் பட்டை மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். நீயாக ஓட்டை போடுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

பழைய ஹெல்மெட்டை யாராவது இலவசமாகத் தந்தாலும் வாங்காதே, நான் தந்தாலும்! தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்களே, ஹெல்மெட்டின் பிழைப்பே அதுதான். ஒருமுறை நசுங்கிய தெர்மோகோல் மறுபடி எழாது. வெளியே ஓடு பளபளவென்றே இருக்கும். அது எங்கே விழுந்தது என்று கொடுத்தவருக்கே நினைவிருக்காது. விழாவிட்டாலும் வியர்வையும் வெயிலும் பட்டு ஐந்தாண்டில் ஓய்வு கொடுக்கச் சொல்கிறது அந்த அறக்கட்டளை.

கறுப்பும் தங்கமும் உனக்குப் பொருந்தினால் தாராளமாக வாங்கு. பொருந்தாவிட்டால் வெள்ளையை வாங்கிவிட்டு உடனே பெயின்ட் டப்பாவைத் தேடாதே. சில பெயின்டுகளில் இருக்கும் கரைப்பான் வெளி ஓட்டையும் தெர்மோகோலையும் அரித்துவிடும். எது ஆகும் என்று தயாரித்தவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்.

சனிக்கிழமை கடையில் அரைமணி நேரம் உட்காரும்போது எனக்குப் போன் செய். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசு. நீ சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டால், ஒரு அளவு சிறியதைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்.

அன்புடன்,
மாமா